லாச்சின் என்றால் வல்லூறு

மலாக்காவின் ஆயர் குரோ தொழிற்பேட்டையில் பூனைத் தீனி தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் ஹரிதாசுக்கு வேலை. தீனிப் பைகளின் மேல் அச்சாகும் வாசகங்களைப் பிழை பார்ப்பான். பைகள் துருக்கிக்கும் ஈரானுக்கும் அரபு நாடுகளுக்கும் போயின. துருக்கியில் பூனை 'கெதி', ஈரானில் 'கொர்பே', அரபியில் 'கித்'. சன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து அந்த ஒரே பிராணியை மூன்று மொழிகளிலும் அவன் நாள் முழுக்க வாசித்துக்கொண்டிருந்தான். அந்த மொழிகளைப் பேச அங்கே வேறு யாரும் இல்லை.

துருக்கித் தலைநகர் அங்காராவில் அவன் ஆராய்ச்சி செய்தது விலங்குப் பெயர்களைப் பற்றி. அரபு, பாரசீகம், துருக்கி மூன்றிலும் எந்த மிருகத்துக்கு எந்தப் பெயர், அது எங்கிருந்து வந்தது, யார் யாரிடம் வாங்கினார்கள் என்பதுதான் பொருள். போன முதல் வருடம் ஒரு பழைய அகராதியைப் புரட்டும்போது, பாரசீகர்கள் ஒட்டகச்சிவிங்கியை 'ஒட்டகம்-மாடு-சிறுத்தை' என்று சொல்வதைப் பார்த்தான். ஒட்டகத்தையும் சிவிங்கியையும் சேர்த்த நம் பெயரோடு அவர்கள் நடுவில் ஒரு மாட்டையும் கட்டிவிட்டிருந்தார்கள். நூலகத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். உடனே ஊரில், பெம்பானில் இருந்த அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னான். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிய்யா, சாப்பிட்டியா?" என்றாள்.

அம்மா இறந்தபோது ஊர் திரும்பியவனால் மறுபடி போக முடியவில்லை. உதவித்தொகைக் காலம் முடிந்துபோனது. ஆராய்ச்சி பாதியில் நின்றது. அப்பா முன்பே இல்லை. தங்கை ஷாந்தினி கல்யாணமாகி ஜொகூரில் இருந்தாள். பெம்பானில் அம்மா விட்டுப்போன வரிசை வீட்டில் அவன் மட்டும் இருந்தான். வேலை விட்டு வந்து கதவைத் திறந்தால் காலையில் வைத்த கோப்பை வைத்த இடத்திலேயே இருக்கும். சில சனி ஞாயிறுகளில், திங்கட்கிழமை காலை பாதுகாவலரிடம் "மோர்னிங்" சொல்லும்போதுதான் இரண்டு நாளாக வாயே திறக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியவரும்.

அப்படி ஒரு திங்கட்கிழமையில்தான் அன்னம்மாவின் போன் வந்தது. அவர் மெர்லிமாவில் ஒரு முதியோர் இல்லத்தை நடத்துகிறவர். அவனோடு வேலை செய்யும் யுவனேஸ்வரனுக்கு அத்தை.

"ஹரிதாஸ் தம்பிங்களா? யுவன் சொன்னான். நீங்க ஈரான் பாஷை பேசுவீங்களாமே?"

"பேசுவேன்க்கா. என்ன விஷயம்?"

"இங்க ஒரு ஈரான்காரம்மா இருக்காங்க. எங்க யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறாங்க. பேசினா மிருகம் பேரா சொல்றாங்க. போன்ல போட்டுப் பாத்தா மானுங்குது, பருந்துங்குது. எங்களுக்கு ஒண்ணும் வெளங்கலலா. ஒரு எட்டு வந்துட்டுப் போறீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் மெர்லிமாவுக்குப் போனான். இல்லம் என்பது சாலைமுனையில் இருந்த ஒரு பெரிய வீடு. பின்பக்கம் செம்பனை மரங்கள். முன்வாசலில் இரும்புக் கிரில். கிரிலுக்கு உட்பக்கம், சாலையைப் பார்த்தபடி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். வயது எழுபதுக்கு மேல். வெள்ளை முக்காடு. மடியில் ஒரு கைப்பை.

"பேரு சோனா," என்றார் அன்னம்மா. "நாங்க அத்தைங்கிற மாதிரி மாக்சிக்னு கூப்பிடுவோம். மகன் மலாக்கா டவுன்ல பிஸ்தா, பேரீச்சம்பழமெல்லாம் வச்சுக் கடை போட்டிருந்தாரு. இவங்கள இங்க அழைச்சுக்கிட்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகல, அதுக்குள்ள நெஞ்சு வலி. ஹைவேலயே போயிட்டாரு. கடைப்பக்கத்து ஆளுங்க அடக்கம் பண்ணிட்டு அம்மாவ இங்க கொண்டாந்து விட்டாங்க. ஊருல யார் இருக்கா, எவர் இருக்கா, ஒண்ணும் தெரியல."

பணிப்பெண் பவானேஸ்வரி தன் கைப்பேசியைக் காட்டினாள். "அண்ணே, இவங்க சொல்றத ரெக்கார்ட் பண்ணிப் போட்டேன். ஈரான் பாஷைன்னு போட்டா ஒண்ணும் வரல. டர்க்கிஷ்னு போட்டா மரால்னா மானு, லாச்சின்னா பருந்து மாதிரி ஒண்ணுன்னு வந்துச்சு. பாவம், மான் வேணும்போலன்னு ஒரு பொம்மை வாங்கிக் குடுத்தேன். தூக்கி வீசிட்டாங்க."

"போன மாசம் வேன்ல ஜூவுக்கே கூட்டிட்டுப் போனோம் தம்பி," என்றார் அன்னம்மா. "மான் கொட்டாய் முன்னாடி நிறுத்திக் காட்டினேன். அங்கயே உக்காந்து அழுதுட்டாங்க."

ஹரிதாஸ் சோனாவின் முன்னால் போய்ப் பாரசீக மொழியில் வணக்கம் சொன்னான். அவர் ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த மொழி அவருக்கு அரசாங்க அலுவலகத்தின் மொழி. அதில் பேச அவருக்கு விருப்பம் இல்லை. அதிகம் தெரியவும் தெரியாது. சாலையில் ஒரு கார் மெதுவாக வந்து நிற்காமல் போனது. அதைப் பார்த்துக்கொண்டே தனக்குத்தானே முணுமுணுத்தார்: "மரால் கெல்மெதி."

இது துருக்கி மொழி. ஈரானின் வடமேற்கில், தப்ரீஸ் பக்கத்து வீடுகளில் பேசும் துருக்கி. மரால் வரவில்லை என்கிறார்.

அவன் அவர் காலடியில் குத்தவைத்து உட்கார்ந்தான். "மரால் கிம்?" என்று கேட்டான். மானைப் பற்றிய பேச்சு என்றால் 'எது' என்று கேட்டிருக்க வேண்டும். அவன் 'யார்' என்று கேட்டான்.

சோனா திரும்பினார். பிறகு அவன் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"என் மகள்," என்றார். "என் மூத்த மகள்."

அதற்கப்புறம் அவர் பேச்சை நிறுத்தவே இல்லை. பல் இல்லாத வாயிலிருந்து சொற்கள் கொட்டின. அவன் அங்காராவில் படித்த துருக்கியைவிடக் கொஞ்சம் கரடுமுரடான துருக்கி. பாதி புரிந்தது, மீதியைக் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டான். மரால் என்றால் மான், ஆனால் அவர் மகள். ஜெய்ரான் என்றால் இன்னொரு வகை மான், ஆனால் அவர் தங்கை. லாச்சின் என்றால் வல்லூறு, ஆனால் அவர் மகன். சோனா என்பதே ஒரு நீர்ப்பறவைதான். அவர்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்கு அப்படித்தான் பெயர் வைப்பார்கள்.

அவன் இதையெல்லாம் தமிழில் சொன்னதும் அன்னம்மா வாயில் கைவைத்துக்கொண்டார்.

"நம்ம மயிலு, கிளின்னு வைக்கிற மாதிரியா? ஐயோ, என் பேரே அன்னம்தான, எனக்குத் தோணலயே! பெத்த மகளக் கேட்ட பொம்பளைக்கு மானைக் காட்டியிருக்கேனே தம்பி."

சோனா அவன் கையை விடவில்லை. "லாச்சின் கடையில் ரொம்ப வேலையா?" என்று கேட்டார். "நோன்பு மாதம் வந்தால் பேரீச்சம்பழம் நிறைய விற்கும், அம்மாவைப் பார்க்க நேரமிருக்காது என்பான். எப்போது வருவான் என்று நீ கேட்டுச் சொல்."

ஹரிதாஸ் அன்னம்மாவைப் பார்த்தான். "மகன் இறந்தது இவங்களுக்குத் தெரியாதாக்கா?"

"தெரியுமே! அவரோட கூட்டாளி ஒருத்தர் வந்து இங்லீஷ்ல சொன்னாரே. நான் பக்கத்துலதான் நின்னேன். இவங்க தலைய ஆட்டினாங்க. அழல. சில பேரு அழுவ மாட்டாங்க, மனசு மரத்துப்போயிடும், அப்படின்னு நெனச்சுக்கிட்டோம்."

"இவங்களுக்கு இங்லீஷ் தெரியாதுக்கா."

அன்னம்மா பக்கத்தில் கிடந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். மழைக்காலத்தில் செத்துப்போன மகனுக்காக, அந்த அம்மாள் இத்தனை மாதமும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். அவரிடம் அதைச் சொல்லக்கூடியவன் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவன் ஒருவன்தான்.

அன்றைக்கு அவனால் சொல்ல முடியவில்லை. "வேலையாக இருக்கிறான், ஹாலா," என்றான். ஹாலா என்றால் அம்மாவின் உடன்பிறந்தவள்.

அடுத்த ஞாயிறும் போனான். அதற்கடுத்த ஞாயிறும். சோனா அவனுடைய படித்த துருக்கியைக் கேலி செய்தார். வானொலிச் செய்தி வாசிப்பவன் மாதிரிப் பேசுகிறாயே என்றார். அவன் ஏட்டில் மட்டும் பார்த்திருந்த பெயர்களை எல்லாம் அவர் வாயால் கேட்டான். நெருப்புக்கோழிக்கு மலாயில் ஒட்டகப்பறவை என்று பெயர் என்றான். எங்களுக்கும் அது ஒட்டகப்பறவைதானே, இந்த ஊர்க்காரர்களுக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று அவர் ஆச்சரியப்பட்டார். ஒரு நாள் குளியலறையில் பூரான் வந்தது. "நாற்பதுகாலி!" என்று சோனா கத்தினார். பாரசீகர்கள் அதற்கு ஆயிரம் கால் கொடுத்திருக்கிறார்கள், அரபுக்காரர்கள் அதை நாற்பத்துநான்கின் தாய் என்று சொல்கிறார்கள் என்று ஹரிதாஸ் உற்சாகமாக ஆரம்பித்தான்.

"எத்தனை கால் இருந்தா என்னா தம்பி, மொதல்ல அடிங்க," என்றார் அன்னம்மா, துடைப்பத்தை அவன் கையில் திணித்து.

அது புரியாவிட்டாலும் சோனா சிரித்தார். அவனும் சிரித்தான். பெம்பானுக்கு வண்டி ஓட்டித் திரும்பும்போதெல்லாம் வாரத்தின் மற்ற நாட்களை எப்படித் தாண்டுவது என்றுதான் யோசித்தான். ஒவ்வொரு ஞாயிறும் அவர் லாச்சினைக் கேட்டார். ஒவ்வொரு ஞாயிறும் அவன் ஒரு பொய் சொன்னான். அவருக்கு வலிக்கும் என்பதற்காகத் தள்ளிப்போடுவதாக அன்னம்மாவிடம் சொன்னான். அது முழு உண்மை இல்லை என்று அவனுக்கே தெரியும். சொல்லிவிட்டால் இந்த ஞாயிறுகள் இப்படியே இருக்காது.

இதற்கிடையில் மராலின் கணவர் தப்ரீஸில் காலணிக் கடை வைத்திருக்கிறார் என்று சோனா சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அந்த ஊர்க் காலணி வியாபாரிகள் கூடும் ஓர் இணையப் பக்கத்தில் அவன் விசாரித்து எழுதினான். சில நாட்களில் மரால் கூப்பிட்டாள். அழுகையில் பாதி விளங்கவில்லை. தம்பியின் எண்ணுக்கு அவள் மாதக்கணக்காகப் போன் அடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். தம்பி இறந்துபோனதை ஹரிதாஸ் சொல்லித்தான் கேட்டாள். அவளிடம் அதைச் சொல்வதும் எளிதாக இல்லை. ஆனால் முகம் தெரியாதவளிடம் சொல்லிவிட முடிந்தது.

"விசா கிடைத்ததும் வருகிறேன்," என்றாள் மரால். "அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். போனில் என் குரலைக் கேட்டு அம்மா அழுதால், நான் இங்கிருந்து என்ன செய்ய முடியும்? பக்கத்தில் இருக்கிறவர்கள் சொல்லட்டும்."

அந்த வாரம் முழுக்க அவன் எப்படிச் சொல்வது என்றே யோசித்தான். அம்மா இறந்தபோது ஷாந்தினி போனில் நேராகச் சொன்னாள்: "அண்ணே, அம்மா செத்துட்டாங்க." அந்தச் சொல்லின் கடுமை பல வருடமாக அவன் காதில் நின்றது. அதற்காக அவன் ஷாந்தினியை மனதுக்குள் கோபித்துக்கொண்டிருந்தான். இந்தக் கிழவிக்கு அப்படிச் செய்யக்கூடாது. ஆயிரம் வருடத்துக்கு முந்திய துருக்கிக் கல்வெட்டுகளில் அரசர்கள் இறந்ததாக எழுதமாட்டார்கள். பறந்து போனார்கள் என்று எழுதுவார்கள். மகன் பெயரோ வல்லூறு. இதைவிட மென்மையாகச் சொல்ல வேறு வழி இல்லை என்று நினைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "ஹாலா, லாச்சின் பறந்துவிட்டான்," என்றான்.

சோனா அவனைப் பார்த்தார்.

"விமானத்திலா?"

அவன் அவர் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"ஊருக்கா போய்விட்டான்? என்னிடம் சொல்லாமலா?" அவர் குரல் உயர்ந்தது. "பெற்ற தாயை யாரோ வீட்டில் போட்டுவிட்டு அவன் மட்டும் ஊருக்குப் போய்விட்டானா? இப்படிப்பட்ட மகனையா நான் வளர்த்தேன்?"

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். வீட்டுச் செருப்போடு கிரிலுக்குப் போய் அதை உலுக்கினார். மகனைத் திட்டினார். நன்றி கெட்டவன், பொண்டாட்டி கட்டவும் வக்கில்லாதவன், கடைசியில் அம்மாவையும் விட்டுவிட்டவன் என்றார். பவானேஸ்வரி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். அன்னம்மா, "என்ன தம்பி சொன்னீங்க? என்ன சொன்னீங்க?" என்று பதறினார்.

இறந்துபோன பிள்ளையை அந்தத் தாய் திட்டிக்கொண்டிருப்பதை ஹரிதாசால் தாங்க முடியவில்லை. ஓடிப்போய் அவருக்கும் கிரிலுக்கும் நடுவில் நின்றான்.

"இல்லை ஹாலா. லாச்சின் ஊருக்குப் போகவில்லை. உங்களை விட்டுவிட்டுப் போகவில்லை. லாச்சின் செத்துப்போய்விட்டான்."

துருக்கி மொழியில் அது ஒற்றைச் சொல். அதை அவன் வகுப்புகளில், கட்டுரைகளில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறான். யாருடைய முகத்தைப் பார்த்தும் சொன்னதில்லை.

கிரிலை உலுக்கிய கை நின்றது.

"எப்போது?"

"மழைக்காலத்தில். நெஞ்சு வலி வந்து."

"நீ முதல் நாள் வந்தபோதே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் அவன் நெஞ்சில் குத்தினார். வலுவில்லாத குத்து. மறுபடி மறுபடி குத்தினார். அவன் நகரவில்லை. பிறகு அந்தக் கைகள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டன. கால்கள் மடிந்து அவர் தரையில் உட்கார, அவனும் கூடவே உட்கார்ந்தான். "பாலா, பாலா," என்று நீட்டி நீட்டி ஒப்பாரி எழுந்தது.

அன்னம்மா வந்து மறுபக்கம் உட்கார்ந்து சோனாவின் முதுகைத் தடவிக்கொடுத்தார். அவர் கண்ணிலும் நீர் வழிந்தது. "பாலான்னா பிள்ளைதானே தம்பி?" என்று கேட்டார்.

நம் பாலகனுக்கும் அந்தப் பாலாவுக்கும் உறவு இருக்கிறதா, தற்செயலா என்பது பற்றி அவனால் அரை மணி நேரம் பேச முடியும்.

"ஆமாக்கா. பிள்ளைதான்," என்றான்.

அடுத்த ஞாயிறு அவன் சோனாவைத் தன் காரில் லாச்சினை அடக்கம் செய்த மயானத்துக்குக் கூட்டிப்போனான். அன்னம்மாவும் வந்தார். தலைமாட்டில் நட்டிருந்த மீசான் கல்லில் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துக்காட்டினான். சோனா மண்ணைக் கையால் தொட்டுப் பார்த்தார். இந்த ஊர் மண் ரொம்ப ஈரமாக இருக்கிறதே, பிள்ளைக்குக் குளிராதா என்று கேட்டார். குளிராது, இந்த ஊரில் குளிரே கிடையாது என்று அவன் சொன்னான். அவர் அவனிடம் அதிகம் பேசவில்லை. அவன் நினைத்தது போலவே ஞாயிறுகள் மாறிவிட்டன. ஆனால் திரும்பும் வழியில் அவன் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

மரால் வந்தாள். உயரமானவள், ஐம்பது வயதிருக்கும், அம்மாவின் அதே மூக்கு. கிரில் திறந்ததும் தாயும் மகளும் கட்டிக்கொண்டதைப் பார்த்து, பவானேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இருவரும் ஒருவர் பேச்சுக்குள் ஒருவர் புகுந்து மடமடவென்று பேசினார்கள். ஹரிதாஸ் சற்றுத் தள்ளி நின்றான். அவர்கள் பேசியதில் பாதிகூட அவனுக்குப் பிடிபடவில்லை. அவனுக்காகச் சோனா இத்தனை நாளும் எவ்வளவு மெதுவாகப் பேசியிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

விமான நிலையத்துக்கு அவன்தான் கொண்டுபோய் விட்டான். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த சோனா, உள்ளே போகும் வாசலில் அவனைக் குனியச் சொன்னார். இரண்டு கைகளாலும் அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டு, காதோரமாக ஒரு வாக்கியம் சொன்னார். அதில் ஒரு சொல் அவனுக்குத் தெரியவில்லை.

"என்ன சொன்னீர்கள், ஹாலா?"

அவர் தலையை ஆட்டிச் சிரித்தார். அதற்குள் வரிசை நகர்ந்தது. மரால் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். கண்ணாடிக்கு அப்பால் வெள்ளை முக்காடு ஒரு தடவை திரும்பியது. பிறகு ஆட்கள் மறைத்துவிட்டார்கள்.

நெடுஞ்சாலையில் அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினான். ஒரு பறவையின் பெயராக இருக்கலாம். குட்டியைக் கொஞ்சும் சொல்லாக இருக்கலாம். திட்டாகக்கூட இருக்கலாம். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அது கொஞ்சம் மாறியது. ஆயர் குரோவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கும்போது நடு எழுத்து குழம்பிவிட்டது.

இரண்டு நாள் கழித்து மராலுக்கு எழுதிக் கேட்டான். அவள் காதில் அது விழவில்லையாம். அம்மாவிடம் கேட்டாளாம், அம்மாவுக்கும் நினைவில்லையாம். அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாள், வெயிலில் உட்காருகிறாள், உங்களைப் பற்றிப் பேரப்பிள்ளைகளிடம் சொல்கிறாள் என்று எழுதியிருந்தாள். அவன் நன்றி எழுதினான். பிறகு வீட்டிலிருந்த அகராதிகளை எல்லாம் கூடத்துக்குக் கொண்டுவந்து போட்டு, தரையில் உட்கார்ந்து, முதல் எழுத்திலிருந்து தேட ஆரம்பித்தான்.